இருநூற்றுப் பதின்மூன்றாம் ஞானி

மனிதர்களை ஏசுவதுதான் என் உத்தியோகம். சிரிக்காதீர்கள், நியமன உத்தரவே இருக்கிறது. அதில் 'தூண்டுநர்' என்று கௌரவமாகப் போட்டிருப்பார்கள். ஆறு வருடத்தில் முன்பல் இரண்டு போயிற்று. இடது புருவத்தில் ஏழு தையல். வலது கைச் சுண்டுவிரல் இன்றும் மடங்காது. எல்லாம் என்னிடம் ஏச்சு வாங்கியவர்கள் திருப்பித் தந்தது.

சுரண்டைக்குத் தெற்கே, காற்றாலைகளுக்கு நடுவில் இருந்தது எங்கள் தெளிவகம். கொலை, வெட்டுக்குத்து என்று ஆயுள் தண்டனை வாங்கியவர்களைச் சிறையிலிருந்து அங்கே கொண்டுவருவார்கள். நான் முதலில் சமையல்காரியாகத்தான் சேர்ந்தேன். ஒருநாள் அழுகிய தக்காளியைக் கொண்டுவந்து இறக்கியவனை அடுக்களை வாசலில் நிறுத்தி, அவன் ஏழு தலைமுறையையும் சந்திக்கு இழுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் டாக்டர் ஆவுடைநாயகம் ஒரு கைதியின் தலையைக் கருவிக்குள் வைத்து மூன்று நாளாக எதையோ தேடிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக என் குரல் கேட்டதும் அந்தக் கைதி தன்னைத்தான் ஏசுகிறார்கள் என்று நினைத்துவிட்டான். திரையில் ஒரு புள்ளி எரிந்தது. டாக்டர் ஓடிவந்தார். கரண்டியும் கையுமாக நின்ற என்னிடம், "நாளையில இருந்து நீ சமைக்க வேண்டாம்மா" என்றார். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன்.

டாக்டர் நல்ல மனிதர். அவருடைய அப்பா மடத்துப் பாடசாலையில் சைவ சித்தாந்தம் சொல்லிக்கொடுத்தவர். மகன் மூளை டாக்டருக்குப் படித்தாலும் அப்பாவின் பாடத்தை விடவில்லை. என்னை உட்காரவைத்து, காபி கொடுத்துத்தான் வேலையை விளக்கினார்.

"செம்புல களிம்பு இருக்குல்லாம்மா, அது வெளியில இருந்து வந்து ஒட்டுனதில்ல. செம்போடயே பொறந்தது. உயிர்ல ஆணவமும் அப்படித்தான். நான், நான்னு உள்ள கெடந்து ஒண்ணு குதிக்கு பாரு, அதான் அறியாமைக்கு வேரு. அதைப் போக்க எத்தனையோ பொறவி எடுக்கணும்னு எங்கப்பா சொல்லுவாங்க. எனக்கு இருபது நிமிஷம் போதும்."

"அப்போ நான் எதுக்கு சார்?"

"அந்த 'நான்' ஒவ்வொருத்தன் மூளையிலயும் ஒவ்வொரு எடத்துல பதுங்கிக் கெடக்கு. சும்மா கூப்பிட்டா வராது. சீண்டுனாத்தான் தலையைத் தூக்கும். நீ சீண்டு. தூக்குன எடத்துல நான் வில்லையை வச்சிருதேன்."

வில்லை என்பது நெல்மணி அளவு. மூக்கு வழியாக ஊசியில் கோத்து உள்ளே அனுப்புவார். போய் உட்கார்ந்த இடத்தைச் சின்ன மின்சாரத்தால் தூங்க வைத்துவிடும். ஏதாவது கோளாறு வந்தால் அணைப்பதற்கு டி.வி. ரிமோட் மாதிரி ஒரு கைக்கருவி உண்டு. ஒவ்வொரு தலைக்கும் ஓர் எண். கைக்கெட்டும் தூரத்தில் நின்று எண்ணைப் போட்டு அழுத்த வேண்டும். ஆறு வருடமாக யாருக்கும் அழுத்த வேண்டி வரவில்லை.

விதிப்படி, நாற்காலியில் கட்டிவைத்த ஆளை அவனைக் குறித்தே அரை மணி நேரம் ஏச வேண்டும். அவன் கோழைத்தனம், அவன் மூஞ்சி, அவன் பிழைப்பு. ஒத்திகையில் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒருவன் சிரித்தான். ஒருவன் கொட்டாவி விட்டான். எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். நாலாவது ஆளிடம் பொறுமை போய், அவன் தாயை இழுத்து ஒரு வார்த்தை சொன்னேன். எந்த வார்த்தை என்று உங்களுக்கே தெரியும், நம் ஊரில் அதைக் கேட்காத சந்து கிடையாது. பத்து நொடி. வார் அறுந்தது. அவன் நெற்றியாலேயே என் வாயில் மோதினான், பல் இரண்டும் தரையில் உருண்டன. நான் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தபோது டாக்டர் திரையைப் பார்த்துக் கைதட்டினார். கார்த்திகைச் சொக்கப்பனை மாதிரி எரிந்ததாம்.

அதற்குப் பிறகு நான் வேறு எதையும் பயன்படுத்தவில்லை. நல்ல கோடாலி கிடைத்தபின் யார் ஊசியால் விறகு பிளப்பார்கள்? எல்லாருக்கும் தாயைப் பற்றிய அதே வார்த்தை, பத்தே நொடி. டாக்டரும் ஏன் என்று கேட்கவில்லை.

முதல் வில்லையை அவர் தனக்கே வைத்துக்கொண்டார். தான் குடித்துப் பார்க்காத மருந்தை அடுத்தவனுக்குக் கொடுக்கமாட்டேன் என்றார். அவரையும் கட்டிவைத்து, அவர் தாயையும் அதே வார்த்தையால்தான் ஏசினேன். பாவம், பத்து நொடிக்குள் அழுதுவிட்டார். துணை டாக்டர் வில்லையை இறக்கியதும் அழுகை நின்றது. அன்றிலிருந்து அவர் முகத்தில் ஓர் அமைதி. ஒருமுறை அதே நாற்காலியில் கட்டியிருந்த ஒருவன் வலிப்பு வந்து, நாக்கைக் கடித்துத் துப்பி, எங்கள் கண்முன்னே துடித்துச் செத்தான். அப்போதும் அந்த அமைதி குலையவில்லை. நான் அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். முட்டாள் சிறுக்கி.

வில்லை வைத்தவர்களுக்கு ஒரு மாதம் வகுப்பு நடக்கும். 'நான் செய்கிறவன் இல்லை, உடம்பு அழியும், உயிர் அழியாது' என்று பாடம். முடிவில் பரீட்சை. நான் போய் அதே வார்த்தையைச் சொல்லுவேன். புள்ளி எரியாது, ஆள் புன்னகை செய்வான். ஞானி ஆகிவிட்டான் என்று எழுதி, சொந்தக்காரர் யாரிடமாவது ஒப்படைத்து அனுப்பிவிடுவார்கள். இப்படி இருநூற்றுப் பன்னிரண்டு பேர். பாதிக்குப் பின் பெரிய மனிதர்களும் தாமாகவே வந்து வரிசையில் நின்றார்கள்.

இருநூற்றுப் பதின்மூன்றாவது ஆள் என் தம்பி சங்கிலி.

எங்கள் ஊர் கீழக்கரும்பனூர். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில், செவ்வாய்க்கிழமை மதியப் பூசை முடிந்ததும் முதல் மாலை எங்கள் குடும்பத்துக்கு விழும். தாத்தாவுக்கு விழுந்தது, அப்பாவுக்கு விழுந்தது. மூன்று வருடத்துக்கு முன், கோயிலுக்குச் சுற்றுச்சுவர் கட்டிக்கொடுத்த தவசிக்கண்ணுவுக்குப் போட்டார்கள். கழுத்தை நீட்டியபடி நின்ற சங்கிலியைத் தாண்டிக்கொண்டு போட்டார்கள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பந்தல்கால் ஊன்றிய கடப்பாரை பக்கத்தில் கிடந்தது. ஒரே அடி. பின்னந்தலையில். சத்தம் கேட்டவர்கள் யாரோ சிதறுகாய் போடுகிறார்கள் என்றுதான் நினைத்தார்கள். அடித்த மறுநொடியே சங்கிலி கடப்பாரையைப் போட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்து, பிளந்த தலையை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். போலீஸ் வந்து இழுக்கும்வரை கையை எடுக்கவில்லை.

சிறையில் அவன் பட்ட பாட்டை எந்த நீதிபதியும் விதிக்கவில்லை. சோறு இறங்காது. சிறைக்குள் இருக்கும் பிள்ளையாருக்கு வெள்ளிக்கிழமை தேங்காய் உடைப்பார்கள். அன்றைக்குக் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் சுருண்டு கிடப்பான். இரண்டு தடவை வேட்டியால் தூக்கு மாட்டினான். இரண்டு தடவையும் யாரோ பார்த்து அறுத்துவிட்டார்கள். இரண்டாம் வருடம் எங்கள் அம்மா செத்தாள். அவனுக்கு அனுமதிச் சீட்டு வந்தபோது அம்மா சாம்பலாகியிருந்தாள்.

தவசிக்கண்ணுவின் மனைவி மயிலக்கா ஒருமுறை அவனைப் பார்க்க வந்தாள். செருப்பைக் கழற்றி முகத்திலேயே அடித்தாள். உதடு கிழிந்து ரத்தம் மார்பில் வழிந்தது. அவன் கையைக்கூடத் தூக்கவில்லை. "இன்னும் அடிங்க மதினி" என்று அழுதான். அவள் கை ஓயும்வரை அடித்தாள். வெளியே வந்து என் தோளில் சாய்ந்துகொண்டு, "ஏட்டி உலகு, இவன் அழுததப் பாத்தபொறவுதான் எனக்கு ஒரு வாய் தண்ணி எறங்குது" என்றாள்.

ஆனால் எனக்கு அவன் தம்பி. மூன்றாவது தடவை அறுத்துவிட யாரும் இல்லாமல் போனால்? டாக்டரின் காலில் விழுந்தேன். எப்படியோ பட்டியலில் சேர்த்தார். "ரத்த சொந்தத்தை நீ ஏசக்கூடாதும்மா" என்றார். வேறு ஆள் இல்லை. நானே போய் எதிரே உட்கார்ந்தேன்.

வழக்கமான வார்த்தையைச் சொன்னேன். சங்கிலி என்னையே பார்த்தான்.

"எக்கா, அவ ஒனக்கும் அம்மதான?"

புள்ளி எரியவில்லை. மறுபடி சொன்னேன். எரியவில்லை. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். இவன் வேலைக்கு ஆகமாட்டான் என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று எனக்குப் பதறியது. தொழில் தெரிந்தவள் நான். எங்கே குத்தினால் எது தெறிக்கும் என்று தெரியும்.

"அம்ம சாகும்போது என்ன சொன்னா தெரியுமால? 'அவன் என் வயித்துல பொறக்கல. அவன் பேர எங்கிட்ட எடுக்காதீங்க'ன்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடுனா."

அவன் உடம்பு வில்லாக வளைந்தது. மணிக்கட்டு வாரில் தோல் உரிந்தது. பற்களுக்கு இடையில் நாக்கு மாட்டி, ரத்தம் என் ரவிக்கையில் தெறித்தது. அப்படி ஓர் அலறலை நான் அந்த அறையில் கேட்டதே கிடையாது. "எரியுது, எரியுது" என்று டாக்டர் ஊசியை இறக்கினார். குழாயைத் திருகி அடைத்ததுபோல் அலறல் பாதியில் நின்றது. சங்கிலி என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் ரவிக்கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போனேன்.

ஒரு மாதத்தில் அவனை என் வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் காலை வேண்டுமென்றே அவன் பக்கத்தில் நின்று ஒரு தேங்காயை உடைத்தேன். அவன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "சட்னியா எக்கா?" என்றான். எட்டு இட்லி சாப்பிட்டான். அடுப்படியில் போய் நின்று சந்தோஷத்தில் அழுதேன். என் தம்பியைப் பிடித்த நோய் விட்டது என்று இருந்தேன்.

கேள்விப்பட்டு மயிலக்கா வந்தாள். அவன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், எழுந்திருக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்க போலிருக்கு" என்றாள் அவள்.

"யாரு நல்லா இருக்கா, யாரு கெட்டுப்போனா? எல்லாம் ஒண்ணுதான் மதினி."

"எம் புருசனக் கொன்னியேல."

"கொன்னது யாரு, செத்தது யாரு? ஒரு உடம்பு விழுந்திச்சு. உள்ள இருந்தது எங்கயும் போகல. இது தெரியாம அழுதீங்க பாருங்க, அதுக்குப் பேருதான் அறியாமை."

மயிலக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அவளுக்கென்று மிச்சம் இருந்த ஒன்றையும் நான் திருடிவிட்டேன் என்று அப்போதே எனக்குப் புரிந்தது. அவள் செருப்பைக் கழற்றினாள்.

"முன்ன நின்னு அடிக்கத் துப்பில்லாம பொறத்தால வந்து அடிச்ச பேடிப்பய, நீ எனக்கு ஞானம் சொல்லுதியோ?"

அவன் முகத்தில் ஒன்று மின்னியது. செருப்பு இறங்குவதற்குள் அவள் மணிக்கட்டைப் பிடித்து, மெதுவாக, ஈரத்துணி பிழிவதுபோல் திருகினான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவள் அலறிக்கொண்டு விழுந்தாள். அவன் முகம் மறுபடி அமைதியாகிவிட்டது.

"என்னல செஞ்சே?"

"நான் ஒண்ணும் செய்யலயே எக்கா. கை தானா திரும்பிச்சு."

மயிலக்காவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு டாக்டருக்குப் போன் செய்தேன். "பழைய கன்மம் கொஞ்சம் மிச்சம் இருந்தா அப்படி ஒண்ணு ரெண்டு நடக்கும்மா. போகப்போக அடங்கிரும்" என்றார். நம்பினேன். நம்புவதுதான் எனக்கு வசதியாக இருந்தது. அவன் முகத்தில் மின்னியதை நான் பார்த்தேன். ஆறு வருடமாக மனித முகங்களில் அந்த மின்னலைக் கிளப்பிப் பிழைத்தவள் நான். எனக்குத் தெரியாததில்லை. தெரிந்தும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மயிலக்காவும் புகார் கொடுக்கவில்லை. இனி அழாத ஆளை ஜெயிலில் போட்டு என்ன என்றாளாம்.

சித்திரையில் கொடை வந்தது. இந்த வருடம் முதல் மாலையை மயிலக்காவுக்குப் போடுவதென்று ஊர் முடிவு செய்திருந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம், வெயில் மண்டையைப் பிளந்தது. மேளம் உச்சத்தில் இருந்தது. சங்கிலி வெள்ளை வேட்டியில், நெற்றி நிறைய விபூதியோடு, என் பக்கத்தில் கழுத்தை லேசாக நீட்டிக்கொண்டு நின்றான். பூசாரி மாலையை எடுத்துக்கொண்டு வந்தார். அவனைத் தாண்டிப் போனார். மணிக்கட்டு கோணிப்போய் நின்ற மயிலக்காவின் கழுத்தில் போட்டார்.

சங்கிலி ஓடவில்லை. நடந்துதான் போனான். அவள் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டான். அவள் நல்ல கையால் அவன் கன்னத்தில் அறைந்தாள். அவன் அவள் கொண்டையைப் பிடித்து, நாலு எட்டு இழுத்துக்கொண்டு போய், சிதறுகாய் உடைக்கிற கல்லில் அவள் நெற்றியை மோதினான். ஒருதரம். மேளம் நிற்கவில்லை. இரண்டாந்தரம். மூன்றாந்தரம் மோதியபோது மேளம் நின்றிருந்தது, அந்தச் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. தேங்காய்ச் சில்லுகளுக்கு நடுவே அவளை விட்டுவிட்டு, மாலையைச் சரிசெய்துகொண்டு என்னிடம் வந்தான்.

"யாரும் சாகல எக்கா. ஏன் அழுதே?"

கூட்டம் அவன்மேல் பாய்ந்தது. கம்பாலும் கல்லாலும் அடித்தார்கள். வாயெல்லாம் ரத்தமாகக் கிடந்தவன், அடிகளுக்கு நடுவில் மாலையை மட்டும் இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டான். எனக்கு அப்போதுதான் தலையில் உறைத்தது. 'நான்' என்பதே செத்துப்போனவன் எதற்கு மாலையை மறைக்கிறான்?

மறுநாள் காலை தெளிவகம் திறந்ததும் டாக்டரின் அறைக்குள் போனேன். பழைய பதிவுகளைத் திரையில் போடச் சொன்னேன். அந்த ஒத்திகைக் காலத்தில், அரை மணி நேரம் ஏசியதில், ஒருவனுக்கு மட்டும் லேசாகப் புள்ளி எரிந்திருந்தது. அவனையே ஏசியபோது எரிந்தது நெற்றிப் பக்கம். தாயை ஏசியபோது எரிந்தது உள்ளே, ஆழத்தில். வேறு இடம். நாலாவது ஆளிலிருந்து என் தம்பி வரை எல்லாருக்கும் எரிந்தது ஆழத்தில்தான்.

"சார், தன்னச் சொன்னா எரியற எடம் வேற. அம்மையச் சொன்னா எரியற எடம் வேற. நாம அடச்சது ரெண்டாவத. அடுத்தவங்களுக்கு வலிச்சா நமக்கு வலிக்குமே, அந்த எடத்த. ஆணவம் அப்படியே கெடக்கு. அதக் கட்டிப்போட்டிருந்த கயித்தத்தான் அறுத்துட்டோம்."

"பரீட்சையில எல்லாரும் தேறினாங்களே."

"அதே வார்த்தையத்தான பரீட்சையிலயும் சொன்னேன்! எந்தச் சாவியால பூட்டுனோமோ அதே சாவிய வச்சு ஆட்டிப் பாத்துட்டு, பூட்டு நல்லாருக்குன்னு எழுதிட்டோம்."

டாக்டர் மேசை இழுப்பறையிலிருந்து கைக்கருவியை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"இருநூத்திப் பதிமூணுல ஒண்ணு தப்பாயிருக்கு. ஒரு பொம்பள செத்திருக்கா. உடம்பு விழுறதுதானம்மா. இதுக்காக அணைச்சா ஊர் என்ன சொல்லும்?"

அவர் முகத்தில் அதே அமைதி. முந்தின வருடத் தையில் அவர் அம்மா இறந்தது எனக்கு ஞாபகம் வந்தது. காலையில் கொள்ளி வைத்துவிட்டு, மதியம் மூன்று மணிக்கு வேலைக்கு வந்து, வில்லை வைத்தார். ஞானி என்று நாங்கள் வியந்தோம்.

அவர் தலையிலும் ஒரு வில்லை இருக்கிறது. அதை வைக்க இடம் காட்டியவள் நான்.

விதிப்படி செய்து பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். தாயை விட்டுவிட்டேன். அவரையே ஏசினேன்.

"நீரெல்லாம் ஒரு டாக்டரா வே? ஒம்ம அப்பா சொல்லிக்கொடுத்ததுல ஒரு வரி புரிஞ்சிருக்கா ஒமக்கு? ஒரு சமையக்காரி வாயி இல்லன்னா இன்னைக்கும் அந்தத் திரையப் பாத்துக்கிட்டு முழிச்சிட்டுல்லா இருப்பீரு? பேரு மட்டும் ஒமக்கு. புளுகுமூட்டை. ஊரு ஒம்ம மூஞ்சியில காறித் துப்பப்போகுது, பாத்துக்கிட்டே இரும்."

அதே மின்னல். மேசையைத் தாண்டி வந்து என் கழுத்தைப் பிடித்தார். சுவரில் என் பின்தலை இடித்தது. எழுபது கிலோ மனுஷன் தன் பாரம் முழுவதையும் கட்டைவிரல்களில் வைத்து அழுத்தினார். "நான் கண்டுபிடிச்சது! நான்!" என்று அவர் வாயிலிருந்து எச்சில் என் கண்ணில் தெறித்தது. காலால் உதைத்தேன். ஒரு விரலைப் பிடித்துப் பின்னால் ஒடித்தேன். முறிந்தது, அப்படியும் விடவில்லை. மேசை விளிம்பு கைக்குத் தட்டுப்பட்டது. தடவினேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. கைக்கருவி அகப்பட்டதும் ஒன்று என்ற எண்ணைத் தேடி அழுத்தினேன்.

பிடி தளர்ந்தது. நான் தரையில் விழுந்து இருமினேன். எதிரே அவர் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். ஒடிந்த விரல் பக்கவாட்டில் தொங்கியது, அதை அவர் கவனிக்கவே இல்லை.

"அம்மா" என்றார். "எங்கம்மா செத்துப்போயிட்டாளே."

வெகுநேரம் அழுதார். அவர் வைத்த கொள்ளி அன்றைக்குத்தான் அவரைச் சுட்டது. நாற்காலியில் துடித்துச் செத்தவன் பெயரைச் சொல்லி அழுதார். மயிலக்காவைச் சொல்லி அழுதார். என் கழுத்தில் தடித்திருந்த விரல் தடத்தைப் பார்த்துவிட்டு, தன் கைகளைக் கக்கத்துக்குள் ஒளித்துக்கொண்டார்.

"களிம்பத் தேய்க்கோம்னு நெனச்சேன் உலகம்மா. செம்பத்தான் தேச்சிருக்கோம்."

கைக்கருவியை என்னிடமே கொடுத்தார். "மொதல்ல ஒன் தம்பி. அவன் முழிச்சாத்தான் போலீஸுக்கும் புரியும். மத்த இருநூத்திப் பதினொரு பேரையும் வீடு வீடாப் போய்த் தேடணும். நானும் வாரேன்."

சங்கிலியை அரசாங்க ஆஸ்பத்திரியில் தனி அறையில், ஒரு காலைக் கட்டிலோடு சேர்த்து விலங்கு மாட்டி வைத்திருந்தார்கள். டாக்டர் கொடுத்த சீட்டைக் காட்டியதும் ஏட்டு என்னை உள்ளே விட்டார். தலையிலும் தோளிலும் கட்டு. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

"வா எக்கா, சாப்பிட்டியா?" என்று சிரித்தான்.

கட்டிலில் உட்கார்ந்தேன். கைக்கருவியில் அவன் எண்ணைப் போட்டுவிட்டு அழுத்தாமல் வைத்திருந்தேன். ஒரு சத்தத்தைத் தாங்கமுடியாமல் இரண்டு தடவை தூக்கு மாட்டியவன் இவன். இப்போது இன்னும் மூன்று சத்தம். அழுத்தினால் இவன் பிழைத்துக் கிடப்பது சந்தேகம். அழுத்தாவிட்டால், என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டுச் சிரிக்கும் இந்த ஆளுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டு நான் கிடக்கலாம். தம்பி, தம்பி என்று சொல்லிக்கொள்ளலாம். மயிலக்காவின் நெற்றி கல்லில் பட்ட ஓசை எனக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு மட்டும்தான் கேட்டது என்பது என்ன நியாயம்?

அழுத்தினேன்.

முதலில் சிரிப்பு அப்படியே இருந்தது. அப்புறம் வாய் கோணியது. எட்டு மாதத்துக்கு முன் பாதியில் நின்ற அலறலின் மீதி வெளியே வந்தது. ஏட்டு கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார், கையைக் காட்டி நிறுத்தினேன். மயிலக்காவைச் சொல்லி அழப்போகிறான் என்று காத்திருந்தேன். அதற்காகத்தான் மனதைக் கல்லாக்கிக்கொண்டு வந்திருந்தேன்.

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எக்கா, அம்ம நெசமாவே அப்படிச் சொல்லிட்டா செத்தா?"

எனக்கு ஒரு நொடி எதைக் கேட்கிறான் என்றே விளங்கவில்லை. நான் அதை மறந்துபோயிருந்தேன். ஒரு புள்ளியை எரியவைக்க ஒரு பொய் சொன்னேன், ரவிக்கையைக் கழுவினேன், மறந்துவிட்டேன். ஏழு மாதம் ஒரே வீட்டில் இருந்தோம். ஒருநாள்கூட அது பொய் என்று அவனிடம் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை.

"இல்லல, பொய்யி. நான் சொன்ன பொய்யி. ஒன் பேரச் சொல்லிக்கிட்டேதான் கெடந்தா. 'சங்கிலி சாப்பிட்டானா, சங்கிலி சாப்பிட்டானா'ன்னு. கடைசி மூச்சு அதோடதான் போச்சு."

சின்னப்பிள்ளை மாதிரித் தலையை ஆட்டினான். கண்ணீர் வடிந்து கட்டுத்துணி நனைந்தது. கொஞ்ச நேரம் அம்மாவுக்காக மட்டும் அழுதான். பிறகு அவன் பார்வை மெதுவாகத் தன் வலது கைக்குப் போயிற்று. நகக்கண்ணில் ரத்தம் காய்ந்திருந்தது. அது யாருடைய ரத்தம் என்று அவன் நினைத்துப் பார்ப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையையும் தூக்கிக் காதைப் பொத்திக்கொண்டான்.

அவன் கைகளின்மேல் என் கைகளை வைத்து நானும் பொத்தினேன். என் தலைக்குள் எந்த வில்லையும் இல்லை. அந்த வார்த்தையை இருநூற்றுப் பதின்மூன்று பேரிடம் சொன்னேன், பரீட்சையில் மறுபடியும் சொன்னேன். ஒருதடவைகூட எனக்கு வலித்ததில்லை. ஏட்டு நேரமாகிவிட்டது என்றார். நான் கையை எடுக்கவில்லை.